தண்ணீர் இடப்பக்கம் இருக்கும் வழி

என் அன்புக் கலை அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு நல்ல பெயர் தருவதை மட்டும் பொறுக்கி எடுக்கமாட்டேன். நான் சொன்ன ஒரு பொய்யும் இதில் வரும். அதையும் மறைக்கமாட்டேன்.

பள்ளி ஆண்டு மலருக்காக, நாங்கள் பெருமைப்படும் ஒரு விஷயத்தைப் பற்றி எழுதித் தரும்படி தமிழம்மா கேட்டார். உனக்குக் கடிதமாக எழுதினால் போடுவீர்களா என்று கேட்டேன். "உண்மையா இருந்தா போடறேன்" என்றார். ஆகவே இதை மற்றவர்களும் படிப்பார்கள். கோபித்துக்கொள்ளாதே. உன் இங்கிலீஷ் மார்க்கைப் பற்றி எதுவும் எழுதமாட்டேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்காக மட்டும் சில வரிகள். கலையரசி என் பெரியம்மா மகள். என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். ஒரே தெரு, ஒரே வகுப்பு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சைக்கிள் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ப்ளஸ் ஒன்னில் எல்லோருக்கும் சைக்கிள் கொடுத்தபோது அவளுக்கும் ஒன்று வந்தது. அதைப் பெரியப்பா பால் கேன் மாட்டி ஓட்டினார். அவள் என் கேரியரில் உட்கார்ந்து ஊர் சுற்றினாள். போன ஐப்பசியில் அவள் இறந்துவிட்டாள்.

அவ்வளவுதான் அக்கா. இனி உன்னிடம் மட்டும் பேசுகிறேன்.

முதலில் சேதி. சென்ற சனிக்கிழமை காலை நம் பள்ளிப் பெண்கள் பதினேழு பேர், நீ எழுதிய வழியில், நீ எழுதிய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏரி சுற்றி வந்தார்கள். எச்.எம். அம்மா பச்சை மையில் கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்தார். நம்புகிறாயா? நானே நம்புவதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

அந்த நோட்டு எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆன பிறகு கரும்புக் கொல்லைகள் மனைகளாகி, ஊர் ஓரமெல்லாம் ஏதோ ஒரு 'நகர்' ஆனது. நம் தெருவும் அப்படி ஒன்றுதான். வகுப்பில் காவியா சொன்னாள்: "உங்க நகர்ல பாக்கறதுக்கு இன்னா இருக்குது? பைபாஸ்ல லாரி போறதுதான்." உனக்குக் கோபத்தில் காது மடல் சிவந்துவிட்டது. அன்று மாலையே அரைக் குயர் நோட்டு ஒன்றை வாங்கி அட்டையில் எழுதினாய்: 'தண்ணீர் ஓரமாகச் சைக்கிளில் போகும் வழிகள்.' வழிகள் என்று பன்மையில் எழுதினாய். ஒரு வழியை முடிக்கவே நமக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

நீ கேரியரில் இடப்பக்கம் பார்த்து, ஒருக்களித்துத்தான் உட்காருவாய். வலப்பக்கம் இருப்பது உனக்குத் தெரியாது. ஆகவே வழியையே திருப்பிப் போட்டாய். ரேஷன் கடைக்குப் பின்னால் ஆரம்பித்து வாய்க்காலை இடப்பக்கம் வைத்துப் போக வேண்டும். பெரிய ஏரிக்கரையில் ஏறினாலும் தண்ணீர் இடப்பக்கம். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கலைத் தாண்டி இறங்கி, கோமுகி ஆற்றோரமாகத் திரும்பும்போதும் ஆறு இடப்பக்கம். பெரியம்மா அதைக் கேட்டுச் சிரித்தார்: "இன்னாடி இது, சாமிய எடப்பக்கம் சுத்துற மாதிரி? ஊரே வலமா சுத்தும், எம் பொண்ணு மட்டும் எடமா சுத்துவா."

நாம் தூரம் அளந்த விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரும் சிக்கலே அதில்தான். பெரியம்மாவின் தையல் டேப்பை ரோட்டில் விரித்து, மிதிக்கட்டை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் சைக்கிள் எவ்வளவு போகிறது என்று பார்த்தோம். ஐந்து மீட்டருக்கு நாலு விரல் கம்மி. நான் வலது காலை அழுத்தும்போதெல்லாம் என் முதுகு ஏறி இறங்கும். நீ உள்ளங்கையை என் முதுகில் வைத்து எண்ணுவாய். நூறு ஆனதும் ஒரு புளியங்கொட்டையை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றுவாய். மேட்டிலிருந்து இறங்கும்போது கூட நான் சும்மா இருக்கக் கூடாது. "மிதிய நிறுத்தாத, பவி! மிதிச்சிக்கினே போ!" என்று முதுகில் ஒரு குத்து விழும். கடைசியில் இருபத்து மூன்று புளியங்கொட்டை வந்தது. நீ பெருக்கிப் பார்த்து, பதினொன்றேகால் கிலோமீட்டர் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாய்.

போன மாதம் பி.டி. மிஸ் வகுப்புக்கு வந்து, சனிக்கிழமைகளில் பெண்களுக்குச் சைக்கிள் பயணம் ஆரம்பிக்கலாம், யாருக்காவது நல்ல வழி தெரியுமா என்று கேட்டார். கை தூக்கினேன்.  அந்த நோட்டு பெரியம்மாவின் பீரோவில், உன் பட்டுப்பாவாடைக்கு அடியில் இருந்தது. நீ போனபின் யாரும் அதைத் தொட்டதில்லை.

பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். பீரோவைத் திறந்து பாவாடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு எடுத்துக் கொடுத்தார். "எடுத்துக்கினு போ. பத்துப் பேரு பாக்கட்டும். ஆனா ஒன்னு. அவ எழுதுனதுல ஒரு எழுத்த மாத்தக் கூடாது. அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. எங்கிட்ட இருக்குற அவ கையெழுத்து இது ஒன்னுதான்."

சரி என்று சத்தியம் செய்தேன்.

எச்.எம். அம்மா நோட்டைப் படித்தார். 'நாலாவது கொட்டை: ஒரு நீர்க்கோழி தாமரை இலைமேல் நடக்கிறது. நீந்தத் தெரியாதோ?' என்று நீ எழுதியிருந்த இடத்தில் சிரித்தார். ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "பொண்ணுங்கள வெளிய அனுப்புறேன். தூரமும் நேரமும் சரியா இருக்கணும். மிஸ் வண்டில போய் பாத்துட்டு வரட்டும். சரியா இருந்தா அனுமதி. இல்லன்னா வேற வழி பாத்துக்கலாம்."

வேறு வழி என்று அவர் சொன்னது பைபாஸை. விளையாட்டு மைதானத்துக்குப் போய்த் திரும்புவது. லாரி பார்ப்பது.

மறுநாள் பி.டி. மிஸ் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நேராக எச்.எம். அறைக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"பதினொன்னேகால்னு எழுதியிருக்கு. என் மீட்டர் பன்னெண்டத் தாண்டிக் காட்டுது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கம்மியா எழுதினா எப்படி? நேரமும் அப்படித்தானே இருக்கும்? இத நம்பி நான் புள்ளைங்கள எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

நான் நோட்டைப் பார்த்தேன். நீ போட்ட இரண்டு கோடு. நீ எண்ணியது தப்பாக இருக்கும் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. ஆனால் மீட்டரோடு எப்படி வாதாடுவது? இங்கேதான் அந்தப் பொய் வருகிறது.

"கலை எண்ணல மிஸ். அன்னிக்கி நான்தான் எண்ணுனேன். தூக்கக் கலக்கத்துல தப்பு பண்ணிட்டேன்."

உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் சொன்னேன் அக்கா. மிஸ் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். உன் கையெழுத்தில் விதி எண் ஒன்று: 'மிதிப்பவள் எண்ணக் கூடாது. அவளுக்குக் கணக்கு வராது. பின்னால் இருப்பவள்தான் எண்ண வேண்டும்.'

எச்.எம். அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். காப்பாற்றப் போய், உன் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை நீ செய்யவே இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் அதைத்தான் செய்தது.

"பொய் சொன்னேன் மிஸ்" என்றேன். "அவதான் எண்ணுனா. அவ தப்பா எண்ணமாட்டா."

"அப்ப என் வண்டி பொய் சொல்லுதா?" என்றார் மிஸ். அவருக்கும் எரிச்சல். வெளியூர்க்காரர், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "சும்மாவே அந்த ஏரிக்கரையில ஒரு அம்மாகிட்ட திட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். ஆடு மேய்க்கிறவங்க. நான் பாட்டுக்குப் போயிட்டு இருக்கேன், பின்னாலயே கத்துறாங்க. 'இன்னாமா, அய்யனாரு எதுர்லயே வண்டி வுட்டுக்கினு போற? எறங்கி நாலு எட்டு நடந்தா காலு தேஞ்சிபூடுமா?'ன்னு."

எச்.எம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கால் கூசியது.

"மிஸ், நீங்க அங்க எறங்கலியா?"

"எதுக்கு இறங்கணும்?"

அக்கா, நாம் இறங்கினோம்! ஒவ்வொரு முறையும் இறங்கினோம். ஏரிக்கரையில் அய்யனாரின் முதல் மண்குதிரை தெரிந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, மதகு தாண்டும்வரை தள்ளிக்கொண்டு நடந்தோம். வாய்க்கால் கரையில் கன்னிமார் கல் இருக்கும் இடத்திலும் அப்படியே. ஆற்றோரம் எல்லையம்மனிடமும் அப்படியே. நம் ஊரில் யார்தான் சாமிக்கு எதிரில் வண்டிமேல் உட்கார்ந்து போவார்கள்? அது பழகிப்போனது என்பதால் அதை நீயும் எழுதவில்லை, நானும் யோசிக்கவில்லை. மிதிக்கட்டை சுற்றாத தூரம் உன் புளியங்கொட்டைக்குள் எப்படி வரும்?

நான் அதை மூச்சு விடாமல் சொன்னேன். மிஸ் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொன்னா போதாது. அளந்துட்டு வா" என்றார்.

பெரியம்மாவிடம் போனேன். கணக்கில் விட்டுப்போன இடம் இருக்கிறது என்று சொன்னதுமே முகம் மாறிவிட்டது. "எம் பொண்ணு தப்பா எழுதிட்டான்னு சொல்றாங்களா?" என்றார். இல்லை, அவள் நடந்ததை எழுதாமல் விட்டுவிட்டாள் என்றேன். தையல் டேப்பை எடுத்து இடுப்பில் செருகினார். "நட. நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் செருப்பில்லாமல் நடந்தோம். முந்தின நாள் தூறல், கரை மண் சில்லென்று இருந்தது. ஏரி நிரம்பிக் கிடந்தது. மேற்கே கல்வராயன் மலை முழுக்க நீலம். லாரி டியூப்பில் உட்கார்ந்து ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். நான் டேப்பைப் பிடித்து வேகமாக முன்னால் போனேன். பெரியம்மா என் ஜடையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்பிடியா நடப்பா? அவ எப்பிடி நடப்பாளோ அப்பிடி நட."

நடந்து காட்டினேன். பத்து எட்டு. நின்று மூச்சு. மறுபடி பத்து எட்டு. மதகு வந்ததும் பெரியம்மா கேட்டார்: "இங்க எங்கனா ஒக்காருவாளா?"

"அந்தக் கல்லு மேல."

"எவ்ளோ நேரம்?"

"மூச்சு வாங்கி முடியற வரைக்கும். அப்பறம் 'எனக்கு ஒன்னும் இல்ல, தண்ணியப் பாத்துக்கினு இருந்தேன்'னு சொல்லுவா."

பெரியம்மா அந்தக் கல்லில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நீர்க்காகம் முங்கி, நாம் எதிர்பார்க்காத இடத்தில் எழுந்தது. "நல்ல எடமாத்தான் பாத்து வெச்சிருக்கா" என்றார். பிறகு, "மணி பாத்தியா? இந்த நேரத்தயும் சேத்து எழுது. முடியாதவளும் வருவா இல்ல?"

மூன்று இடங்களும் சேர்ந்து எண்ணூற்று அறுபது மீட்டர் வந்தது. மிஸ்ஸின் மீட்டரோடு அச்சு அசலாகப் பொருந்துகிறதா என்று கேட்டால், இல்லை. கொஞ்சம் இப்படி அப்படி இருக்கிறது. உண்மை எழுதுவேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

நோட்டில் எழுதுவதுதான் பெரிய சங்கடமாக இருந்தது. ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேனே! பெரியம்மாவே பேனாவைக் கையில் கொடுத்தார். "மாத்தாத. கீழ சேரு." உன் இரண்டு கோட்டுக்குக் கீழே எழுதினேன்: 'இது மிதித்த தூரம். மூன்று இடத்தில் இறங்கி நடக்க வேண்டும். அது எண்ணூற்று அறுபது மீட்டர். நடப்பதற்கும் உட்காருவதற்கும் நாற்பது நிமிடம் கூட வைத்துக்கொள்ளவும். அவசரப்படக் கூடாது.'

எச்.எம். அம்மா அதை இரண்டு தடவை படித்தார். பி.டி. மிஸ்தான் முதலில் பேசினார். "நோட்டு சரிதான் மேடம். நான்தான் தப்பா போயிருக்கேன்." அப்புறம்தான் அந்தப் பச்சை மைக் கையெழுத்து.

சனிக்கிழமை காலை ஆறரை. ரேஷன் கடைக்குப் பின்னால் பதினாறு சைக்கிள். பெண்கள் பதினேழு என்று முதலில் எழுதினேன், கவனித்தாயா? அந்தப் பதினேழாவது பெண் தனலட்சுமி. ஹாஸ்டலில் இருக்கிறாள், வெள்ளிமலைப் பக்கத்து மலைக்கிராமம். சைக்கிள் அவளுக்கும் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் ஓட்டத் தெரியாது. "எங்க ஊர்ல சைக்கிள தோள்ல தூக்கினுதான் போவணும்" என்பாள். அவள் என்னிடம் வந்து, "உன் கேரியர் சும்மாதான இருக்குது? நான் ஒக்காரட்டுமா?" என்றாள்.

அக்கா, நீ போன பிறகு அந்தக் கேரியரில் புத்தகப்பையைக்கூட நான் வைத்ததில்லை. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். காவியா வேறு பெல்லை அடித்துக்கொண்டே இருந்தாள். "ஒக்காந்தா எண்ணணும்" என்றேன்.

"எத?"

"என் முதுக."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் புளியங்கொட்டைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, முதுகில் கையை வைத்தாள். ஒன்று, இரண்டு என்று ஏலம் விடுகிற மாதிரி சத்தம் போட்டு எண்ணினாள். நீ வாய்க்குள் எண்ணுவாய். இவள் எண்ணியது அக்கரை வரை கேட்டது. நானூற்று எண்பதில் ஏரி திடீரென்று திறந்தபோது மட்டும் அவள் எண்ணுவது நின்றுபோனது. "ஏய், அதோ அந்த மடிப்புக்குப் பின்னாலதான் எங்க ஊரு. தண்ணில பாரேன், எங்க மலை தலகீழா நிக்குது!" நல்லவேளை, அது முதல் மண்குதிரைக்குப் பக்கம். எல்லோரும் இறங்குகிற நேரம். எண்ணிக்கை தப்பவில்லை.

பி.டி. மிஸ் ஸ்கூட்டரை அணைத்து, செருப்பைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, வேர்க்க வேர்க்கத் தள்ளினார். ஆட்டுக்கார அம்மா அன்றும் அங்கேதான் நின்றிருந்தார். "இன்னா டீச்சரம்மா, பெட்ரோல் தீந்துபூச்சா?" என்று கேட்டார். மிஸ் உட்பட எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவரே வந்து பின்னால் கை கொடுத்துத் தள்ளினார்.

மதகில் காவியா அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தாள். நோட்டில் 'உட்காரவும்' என்று போட்டிருக்கிறதாம். ஏரியைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்ல எங்கடி இருந்துச்சி இத்தினி நாளா?" என்றாள். நீ கேட்டிருக்க வேண்டும்.  அது உனக்கான கேள்வி, பதிலும் உன்னுடையது. அவள் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ரேஷன் கடைக்குத் திரும்பியதும் தனலட்சுமி பையைக் கவிழ்த்தாள். இருபத்து மூன்று புளியங்கொட்டை. இருபத்து மூன்றும் மேலே பதினோரு மிதியும். அந்தப் பதினொன்று, கலிங்கல் பக்கம் ஒரு நாய்க்குப் பயந்து நான் வளைந்து போனதில் வந்தது. அக்கா, நீ எண்ணியதில் ஒரு மிதி கூடத் தப்பு இல்லை. பதினாறு சைக்கிள்காரிகளுக்கு முன்னால் அது நிரூபணமானது. எல்லோரும் நம் தெருவுக்கு வந்தபோது பெரியம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். "தெரியும்" என்றார். உள்ளே போய் எல்லோருக்கும் மோர் கரைத்துக் கொண்டுவந்தார். அந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அட்டையில் நீ 'வழிகள்' என்று எழுதியதால் நோட்டில் பக்கம் நிறைய மிச்சம் இருக்கிறது. அடுத்தது கோமுகி அணைக்குப் போகும் பாதை என்று மிஸ் சொல்கிறார். அதன்பின் மணிமுக்தா. தூரம் அதிகம், பாதியில் பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற வேண்டியிருக்கும். நீ இருந்தால் எந்தப் பக்கமாகப் போகச் சொல்லியிருப்பாய்? அணையில் ஏறினால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எந்த வழியானாலும் நான் எண்ணமாட்டேன். ஓட்டத் தெரியாத ஒருத்தியோ, மிதிக்க முடியாத ஒருத்தியோ பின்னால் உட்கார்ந்து எண்ணுவாள். அவள் எண்ணியதுதான் நோட்டில் ஏறும். அவள் இறங்கி எவ்வளவு மெதுவாக நடக்கிறாளோ, அதுதான் எல்லோருக்கும் நேரம். யாராவது தப்பு என்று சொன்னால் இனி பொய் சொல்லமாட்டேன். அளந்துவிட்டு வந்து பேசுவேன்.

இதைக் கிளை நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூடும் நேரம் ஆகிவிட்டது. "இன்னும் எவ்ளோ இருக்குதும்மா?" என்று நூலகர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். கையெழுத்து மட்டும்தான் சார் என்றேன்.

உன் சித்தி மகள், உன் தங்கை,
பவித்ரா

விளக்கை அணைத்துவிட்டார்கள்.